முகப்புத் தாள் மாறிய இரண்டு நாடகங்கள்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை; ஒட்டுக்கேட்டேன். ஜெராக்ஸ் கடையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர், "அண்ணே, முகப்புத் தாள் மாறாம பின் அடிங்க. ஒருதரம் மாத்தி அடிச்சு நான் பட்டது போதும்" என்றார். என்ன பட்டீர்கள் என்று கேட்டேன். வரிசை நகர்ந்தது; நான் நகரவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "எல்லை என்பது ஒரு கோடு. அதன் இருபுறமும் இரண்டு பெண்கள்…"

(அடித்துவிட்டேன். கோட்டைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பெண்கள் சிறுத்துப்போகிறார்கள்.)

2

ஆகவே பெண்ணிலிருந்து வருகிறேன். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். மாலையில் நாடகம் எழுதுவாள். நாடகக் குழுவில் எல்லோருக்கும் அவள் மருந்தக்கா. இயக்குநர் அவளுடைய கணவனின் தம்பி. கடையில் என் முன்னால் நின்றவர் அவர்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கணக்கு டீச்சர். அவளும் நாடகம் எழுதுபவள். ஒரே மொழி*, இரண்டு நாடு, நடுவே முடிந்தும் முடியாத போர். இருவரும் பதினொரு வருடமாகப் போனில் பேசுகிறார்கள், நேரில் பார்த்ததில்லை. ஒரே மாலையில் இருவர் நாடகத்தையும் மேடையேற்ற முடிவானது. டீச்சருக்கு விசா கிடைக்கவில்லை. நாடகம் மட்டும் வந்து சேர்ந்தது.

மருந்தக்காவின் நாடகத்தில், எதிரி நாட்டுக்குப் போகும் கடிதங்களைத் திருப்பி அனுப்பவேண்டிய தபால்நிலையப் பெண், ஒவ்வொன்றுக்கும் தானே பதில் எழுதுகிறாள். டீச்சரின் நாடகத்தில், போரில் செத்த சிப்பாயின் மனைவி, அவனது கைக்கடிகாரத்தைத் தேடி முகாம் முகாமாக ஏறி இறங்குகிறாள்.

* நாம் 'எதிரி' என்று எழுதும் இடத்தில் அவர்களும் அதே எழுத்தில் 'எதிரி' என்றுதான் எழுதுகிறார்கள்.

3

அனுமதி கேட்டுப் போன மருந்தக்காவையும் கொழுந்தனையும் தணிக்கை அதிகாரி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"உங்க சிப்பாய் நாடகத்தை எம் மனைவிக்கும் படிச்சுக் காட்டினேம்மா. நம்ம சிப்பாய் பொண்டாட்டின்னா இப்படித்தான் இருப்பா! அனுமதி உண்டு. ஆனா அந்த எதிரி நாட்டுக்காரியோட தபால் நாடகம் வெறும் விஷம். அதைப் போடக் கூடாது."

அவர் கையிலிருந்த பிரதிகளில் பெயர்கள் இடம் மாறியிருந்தன. மருந்தக்கா கொழுந்தனைப் பார்த்தாள். கொழுந்தன் மின்விசிறியைப் பார்த்தார்.

(அவள் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். பயம் என்று எழுதினால் அவளுக்குப் பொருந்தவில்லை. விஷயம் சின்னது: வாயைத் திறந்தால் அவள் நாடகம் பிழைக்கும், டீச்சருடையது சாகும்.)

"சரிங்க சார்" என்று முத்திரை குத்திய தாளை வாங்கிக்கொண்டாள்.

படியிறங்கும்போது கொழுந்தனுக்கு வியர்த்தது. "மன்னிச்சுடுங்க அண்ணி. திரும்பிப் போய்ச் சொல்லிடலாமா?"

"எதுக்கு? என்னோடதை அடுத்த வருஷம்கூடப் போடலாம். நான் இங்கதானே இருக்கேன்."

அன்று மாலையே டீச்சருக்குப் போன் செய்தாள். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கேட்டாள்: "எம் புருஷனுக்காக உங்க ஆபீசர் வீட்ல அழுதாங்களாக்கும்?"

டீச்சருக்குக் கணவன் இல்லை என்பது மருந்தக்காவுக்குத் தெரியும். எப்படி இல்லாமல் போனான் என்பது தெரியாது. கேட்டதும் இல்லை.

"அக்கா… அந்தச் சிப்பாய் பொண்டாட்டி நீங்களா?" என்றாள் மருந்தக்கா.

"நான்தான். நீ போடு. எம் பேரு வேணாம். அவ பேசட்டும், அது போதும்."

4

முடிவு அ: நாடகம் முடிந்ததும் மருந்தக்கா கும்பிட்டுவிட்டு இறங்கினாள். (கொழுந்தன் வேண்டிக்கொண்டது இதைத்தான். குழு பிழைத்திருக்கும்.)

முடிவு ஆ: அதிகாரி மனம் மாறி எழுந்து…

(வேண்டாம். வாக்கியத்தை முடிக்கவே கூச்சமாக இருக்கிறது.)

நடந்தது இது. அரங்கம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் அதிகாரியும் அவர் மனைவியும். திரை விழுந்தபோது மனைவியின் கைக்குட்டை நனைந்திருந்தது. கைதட்டல் ஓயவில்லை. "எழுதியவர் மேடைக்கு வரவும்" என்றார்கள். மருந்தக்கா ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"இதை எழுதினது நான் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு கணக்கு டீச்சர். செத்துப்போனது அவங்க வீட்டுக்காரர். சுட்டது நம்ம ஆளுங்க. அவங்க பேரைச் சொல்லாம இந்தக் கைதட்டலை நான் வாங்கிக்க முடியாது."

பெயரைச் சொன்னாள். முழுப் பெயரையும், ஊரையும்.

கைதட்டல் அறுந்தது. அதிகாரியின் கைகள் பாதியில் நின்றன. பக்கத்தில் அவர் மனைவி மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள், மெதுவாக, விடாமல்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. உங்களை அவர்களுக்கு நேர் பின்னால் உட்காரவைத்திருக்கிறேன். ஐந்நூறு பேர் மூச்சைப் பிடித்திருக்கிறார்கள். யார் யார் தட்டுகிறார்கள் என்று அதிகாரி திரும்பிப் பார்க்கிறார்.

உங்கள் கைகள் மடிமேல் இருக்கின்றன.