தரை தொடாத பட்டம்மாள்

வருடம் 1999 என்று நினைக்கிறேன். மழைக்காலமா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு. எர்ணாவூர் பிஸ்கட் கம்பெனியின் இரும்புப் படியில் வழுக்கிய பட்டம்மாள் தரைக்கு ஒரு முழம் மேலேயே அந்தரத்தில் நின்றுவிட்டாள் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

மாவு லட்சுமி என்பதால் அங்கே செருப்பு வாசலோடு சரி. வேலையாட்களே வைத்துக்கொண்ட வழக்கம் அது. பட்டம்மாளோடு வேலை பார்த்த ரஹீமுன்னிசாவும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவாள். கம்பெனி கொடுத்த ரப்பர் பூட்ஸ்களைச் சாமி படத்துக்குக் கீழே அடுக்கிவிட்டு, பாமாயில் சொட்டும் படிகளில் வெறுங்காலோடு ஏறி பிசையும் இயந்திரத்தில் மாவு கொட்டினார்கள். படிக்குக் கைப்பிடி கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தும் வரவில்லை. வழுக்கியபோது படி விளிம்பில் மோதிப் பட்டம்மாளின் இடுப்பெலும்பு உடைந்தது. மருத்துவமனையில் சேர்க்க விபத்துச் சீட்டு வேண்டும். சூப்பர்வைசர் சுயம்பு ‘விழுந்த இடம்’ என்ற கட்டத்தில் பேனாவை வைத்தபடி நின்றார்.

“இன்னும் வுழலியே பட்டம்மா. வுழுந்தா எழுதிர்றேன்.”

“இடுப்பு ஒடஞ்சி கீது நைனா. அத்த எழுது.”

“கீய வராம எப்டி எழுதறது?”

“நீ ஏறி ஒருவாட்டி வழுக்கிப் பாரு,” என்றாள் ரஹீமுன்னிசா. “எழுத எடம் கெடைக்கும்.”

நான்கு பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள். வலியில் அவள் திட்டிய திட்டில் விட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து வந்த தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அவளைச் சுற்றி நடந்து, விபத்து இன்னும் முடியவில்லை, முடிந்ததும் தெரிவிக்கவும் என்று எழுதிவிட்டுப் போனார். உடைந்த எலும்பு கோணலாகவே சேர்ந்தது. வாசல் பலகையில் விபத்தில்லா நாட்கள் ஆயிரத்தைத் தொட்டபோது எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். பட்டம்மாள் தன்னுடையதைச் சுயம்புவின் முகத்தில் எறிந்தாள். மறு வருடம் அதே படியில் வழுக்கிய இரண்டு பேரும் ஒழுங்காகத் தரையில் விழுந்து, சீட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

2007இல் கம்பெனியை மூடினார்கள். சுயம்பு கும்மிடிப்பூண்டியில் வேறு வேலைக்குப் போனார். இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற்றார். தண்டையார்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கும் ரஹீமுன்னிசா தினமும் பஸ் ஏறிச் சோறு கொண்டுவருகிறாள். கட்டடம் இப்போது வெங்காயக் கிடங்கு. மூட்டை சுமப்பவர்கள் பட்டம்மாளைச் சுற்றிப் போகப் பழகிவிட்டார்கள். சீட்டு எழுதப்படவில்லை.