பூட்டுப் போட்ட அலைவரிசை

எங்கள் மாவட்டத்தில் தீயணைப்பு வண்டி கிளம்புவதற்கு முன்பே ஊர் கிளம்பிவிடும். வீட்டுக்கு வீடு, டிராக்டருக்கு டிராக்டர் ஸ்கேனர் பெட்டி இருக்கிறது. தீயணைப்புக்காரர்கள் நாங்கள் வாக்கி-டாக்கியில் பேசுவதெல்லாம் அதில் கேட்கும். ஒருவர் கேட்டைத் திறந்துவைப்பார், இன்னொருவர் நாயைக் கட்டுவார். அமெரிக்காவில், எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் இதை ஒட்டுக்கேட்பது என்று யாரும் சொல்வதில்லை.

எங்கள் சீஃப் ராய்ஸ் லிண்ட்குவிஸ்டுக்கு மட்டும் இது வினையாகிவிட்டது. ஆகஸ்டில் ஒருநாள் தெரியாமல் மைக் பொத்தான்மேல் உட்கார்ந்துகொண்டு என்னிடம், "எங்க மாமியார் செய்யுற உருளைக்கிழங்கு சாலட்ட வெச்சு செங்கல் ஒட்டலாம்டா" என்றார். மாவட்டமே கேட்டது. மாமியார் ஆர்டிஸும் கேட்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது.

வாக்கி-டாக்கிகளைப் புதிய டிஜிட்டல் தரத்துக்கு மாற்றும் படிவம் வந்தது. ‘பேச்சைப் பூட்டி அனுப்ப வேண்டுமா?’ என்று அதில் ஒரு கட்டம். கட்டாயமில்லை. சீஃப் தாள் கிழிய டிக் அடித்தார்.

"இனிமே நாம பேசுறது நமக்கு மட்டும்தான். இதான்டா எதிர்காலம்!"

எதிர்காலம் அக்டோபரில் ஒரு காலை அமலுக்கு வந்தது. அன்று மத்தியானமே விவசாயி மெர்ல் வாவ்ரா தன் தகரக் குதிருக்குள் மக்காச்சோளத்தில் நெஞ்சுவரை புதைந்துபோனார். அவர் மூச்சை விடவிட, சோளம் இன்னும் இறுக்கியது.

அவரைச் சுற்றித் தடுப்பு இறக்கிவிட்டோம். ஆனால் சோளம் கையால் அள்ளி மாளாது, உறிஞ்சும் இயந்திரம் வேண்டும். அது ஆர்டிஸிடம் இருந்தது, ஒரு மைல் தள்ளி. வேறு நாளாக இருந்தால் இந்நேரம் வந்து சேர்ந்திருக்கும். இன்று சாலையில் ஈ காக்கை இல்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் போட்டார்கள். அறுவடை நேரத்தில் யார் எடுக்கிறார்கள்? ஆர்டிஸ் எந்த வயலில் இருக்கிறாரோ, ஆள் அனுப்பித் தேடவும் வழியில்லை.

பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். "தலைவரே, எதிர்காலம் ரொம்ப அமைதியா இருக்கே" என்றேன்.

கருவியில் பூட்டாத பழைய அலைவரிசை ஒன்று மிச்சமிருந்தது. சீஃப் குமிழைத் திருப்பினார்.

"அத்தை, ராய்ஸ் பேசுறேன். மெர்ல் குதிருக்குள்ள மாட்டிக்கிட்டாரு. உங்க மெஷின் வேணும். அந்த சாலட் விஷயம்... நான் பேசினது தப்புதான்."

பதில் வராது. ஸ்கேனருக்குக் காது மட்டும்தான், வாய் கிடையாது.

உள்ளிருந்து மெர்ல் முனகினார். "நல்லா கெஞ்சுய்யா. சாகப்போறது நான்."

"அத்தை! ரெண்டு தட்டு சாப்பிடுறேன் அத்தை!"

நான்கே நிமிடத்தில் சாலையில் புழுதி எழுந்தது. முன்னால் ஆர்டிஸின் டிராக்டர், அதன் பின்னே இயந்திரம், அதற்கும் பின்னே பதினேழு வண்டிகள். ஆர்டிஸ் மருமகனின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. குழாயை நீட்டி, "பிடி" என்றார்.

அரைமணியில் மெர்ல் ஒற்றைக் கால் பூட்ஸோடு வெளியே வந்தார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் பூட்டை நீக்கச் சொல்லி சீஃப் விண்ணப்பித்தார். காரணம் எழுதவும் என்று படிவம் திரும்பி வந்தது. தொழில்நுட்பம், செலவு என்று ஏதாவது அளப்பார் என்று பார்த்தேன். அரைநாள் பேனாவைக் கடித்துவிட்டு ஒரே வரி எழுதினார்:

‘எங்கள் படையில் மொத்தமே ஒன்பது பேர்.’