ஜெமிமா சாப்பிட்டு வரும்வரை

ஜெமிமா கல்லூரியில் தூணாகச் சேர்ந்துவிட்டாள் என்று தகவல் வந்ததும் ஆசீர்வாதமும் அவர் மனைவி பியூலாவும் இங்கிலாந்துக்குக் கிளம்பினார்கள். மகளை மேல்படிப்புக்குத்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் அது பழம்பெரும் கல்லூரி. அதன் வளாகத்துக்குள்ளேயே ஒரு பேராலயம் இருந்தது. அங்கே நிற்க இடம் கிடைப்பது லேசில்லை என்று பாளையங்கோட்டையில் எல்லோரும் சொன்னார்கள்.

பியூலா டிபன் கேரியரில் புளிச்சோறும் அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டாள். வழியில் எதுவும் கெடவில்லை.

வாசலில் வட்டத் தொப்பி வைத்த காவலர் நின்றார். திருநெல்வேலித் தமிழில் பேசினார். அது வசதியாக இருந்தது.

"இருக்கியளா?" என்று கேட்டார்.

"இருக்கோம்," என்றார் ஆசீர்வாதம்.

"ரெண்டு பேருமா?"

பியூலா கொஞ்சம் யோசித்தாள். "ஆமா, ரெண்டு பேரும்தான்."

"அப்போ உள்ள போங்க. புல்லை மட்டும் மிதிக்காதிய. டாக்டர் பட்டம் வாங்கின புல்லு."

நடைபாதை போகப் போக நீண்டது. ஆசீர்வாதத்துக்கு மூட்டுவலி. அவர் நொண்டுவதைக் கவனித்த நடைபாதை, தயங்கி, கொஞ்சம் சுருங்கிக் கொடுத்தது. "ரொம்ப நன்றி," என்றார். தபாலாபீஸில் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். நன்றி சொல்வதில் அவர் குறை வைத்ததில்லை.

பேராலயத்துத் தூண்களில் ஒன்று ஜெமிமா. அடியிலிருந்து மேலே வரை வெளிர்மஞ்சள் கல். உச்சியில், செதுக்கிய இலைகளுக்கு நடுவே அவள் முகம். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள்.

"வாங்கப்பா. வாங்கம்மா."

"ஏட்டி, மெலிஞ்சு போயிட்டியே," என்றாள் பியூலா.

"தூண்னா அப்படித்தாம்மா."

"சாப்பிடுதியா?"

"கை இல்லம்மா, இப்போதைக்கு."

பியூலா கேரியரை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கேரியரின் பிடியை நிமிர்த்துவதும் சாய்ப்பதுமாக இருந்தாள். ஆசீர்வாதத்தால் அதைப் பார்க்க முடியவில்லை.

அப்போது பேராலயத்துக்குப் பொறுப்பான அம்மையார் கறுப்பு அங்கியோடு, கைத்தடியைத் தட்டிக்கொண்டு வந்தார். அவர் பேசியது புத்தகத் தமிழ்.

"உங்கள் மகள் சிறந்த தூண். முன்பு இந்த இடத்தில் இருந்தவர் ஓய்வு பெற்றுக் கடற்கரைக்குப் போய்விட்டார். விண்ணப்பித்தவர்களில் இவள் முதுகுதான் நேராக இருந்தது."

"சின்னதுல இருந்தே நிமிர்ந்து உக்காரச் சொல்லி வளர்த்தோம்," என்றார் ஆசீர்வாதம். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று பட்டது. "அவ கொஞ்சம் வெளிய போய்ச் சாப்பிட்டு வரலாமா?"

"கூரை சம்மதிக்காது."

"அதுவரைக்கும் நான் நின்னா?"

அம்மையார் கைத்தடியால் அவர் முழங்காலைத் தட்டிக் காதுகொடுத்துக் கேட்டார். "உள்ளே கொஞ்சம் பொள்ளலாக இருக்கிறது. பரவாயில்லை. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை தாங்கும்."

ஆசீர்வாதம் செருப்பைக் கழற்றிவிட்டு மகளை ஒட்டி நின்றார். முதலில் பாதம் குளிர்ந்தது. பிறகு இடுப்பு. மூட்டுவலி போய்விட்டது. முகம் மட்டும் ஏறி ஏறிப் போய் இலைகளுக்கு நடுவே நின்றது. கீழே ஜெமிமா விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கனமா இருக்காப்பா?"

"நீ போம்மா. அம்மா காத்துக்கிட்டு இருக்கா."

தாயும் மகளும் வெளியே போய்ப் புல்லில் உட்கார்ந்தார்கள். புல் ஒன்றும் சொல்லவில்லை. திறந்திருந்த கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. ஜெமிமா முதல் வாயை எடுத்துவிட்டு, மெல்லாமல் அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

பாடகர் குழு வந்து பாட ஆரம்பித்தது. கூரை ஒன்றும் கனமில்லை. பாட்டுதான் கனத்தது. மேலே போய் முட்டி, மொத்தமாக அவர் தலையில் இறங்கியது.

"ஜெமிமாவுக்கு அப்பாவா?" என்றது பக்கத்துத் தூண். அதற்கு வெள்ளைத் தாடி இருந்தது.

"ஆமாங்க."

"நல்ல பிள்ளை. வந்த புதுசுல ரொம்ப அழுதா."

ஆசீர்வாதத்துக்கு அது தெரியாது. போனில் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லியிருந்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. நாங்க எல்லாரும் கொஞ்சம் நகந்து அவ பக்கத்துல வந்து நின்னோம். கூரைக்குத் தெரியாது."

ஆசீர்வாதம் பார்த்தார். அந்த வரிசையில் மட்டும் தூண்கள் நெருங்கித்தான் நின்றன. தரையில், அவை முன்பு நின்ற இடங்கள் வட்டம் வட்டமாக வெளுத்துக் கிடந்தன. அவர் கழுத்துப் பக்கம் கல்லில் சின்ன விரிசல் ஒன்று விழுந்தது.

"உங்களுக்கெல்லாம் நான் என்ன செய்யப் போறேன்," என்றார்.

"நிக்கிறியளே. அது போதும்."

அம்மையார் கதவருகே போய்ப் பார்த்தார். ஜெமிமா தாயின் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பியூலா ஒரு கையால் அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். மறு கையால் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள்.

"முடித்துவிட்டாளா?" என்றார் அம்மையார்.

"தட்டுல சோறு இருக்கே," என்றாள் பியூலா.

அம்மையார் தட்டைப் பார்த்தார். கேரியரையும் பார்த்தார். "அப்படியென்றால் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்," என்றார். கைத்தடியைத் தட்டாமல், கையில் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார்.

பாடகர்கள் அடுத்த பாட்டை எடுத்தார்கள். ஆசீர்வாதம் தலையைக் கொஞ்சம் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார்.