நான்கு கோடுகள்

தகப்பனின் வலது கைக்குள்ளிருந்து மணிப் பொத்தானை எடுக்கத் தெய்வமணி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பெருவிரல் மட்டும் இடங்கொடுக்கவில்லை. அது பொத்தானின் மேலேயே இருந்தது. வாசலில் ஆட்கள் சேரத் தொடங்கிவிட்டார்கள். கரண்ட் இன்னும் வரவில்லை.

பாரிசவாதம் தகப்பன் ஏரம்பமூர்த்தியின் இடது பக்கத்தை எடுத்துக்கொண்டு இரண்டு வருடம். பொத்தானும், அதோடு சுவரில் மாட்டியிருந்த பெட்டியும் மருமகன், தெய்வமணியின் கணவன் அருமைநாயகத்தின் கைவேலை. அவர் செங்கலடிச் சந்தியில் ரேடியோ, டீவி திருத்துகிறவர். பொத்தானை அமுக்கினால் வீட்டுக்குள் மணியடிக்கும். முதலில் அவ்வளவுதான். ஆனால் கிழவர் லேசுப்பட்ட ஆளில்லை. ஒரு மணித்தியாலமாக அடிக்கிறேன், ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை என்பார். இப்போதுதானே அடித்தீர்கள் என்பாள் மகள். இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான், கடைசியாக மணியடித்த நேரத்தை எழுதிவைக்கிற சின்னச் சிப் ஒன்றை அருமைநாயகம் பெட்டிக்குள் போட்டார்.

அந்தச் சிப்புக்கு ஒரு கெட்ட குணம். கரண்ட் போனாலும் எழுதியது அழியாது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் விழுந்தால் அரைகுறையாகக் கிறுக்கிவிடும். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மட்டக்களப்பில் கரண்ட் ஒரு நாளைக்கு எத்தனை தரம் விழும் என்பது ஆண்டவனுக்கே தெரியாது. ஒருநாள் பெட்டி நாற்பத்தைந்து மணி என்று காட்டியது.

"மருமகன், உங்கட பெட்டிக்கு என்னையவிட வருத்தம்" என்றார் கிழவர்.

அருமைநாயகத்துக்கு ரோசம் வந்துவிட்டது. ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டினார். பெருவிரல் பருமனில் ஒரு கண்டென்சரைப் பூட்டினார். கரண்ட் போன பிறகும் எழுதி முடிக்கிற அளவுக்கு அதில் மூச்சு மிச்சமிருக்கும். ஒரே நேரத்தை இரண்டு இடத்தில் எழுதவைத்தார். ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும். இரண்டுமே பழுதென்றால் வெறும் நான்கு கோடுகள் காட்டும். "தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லட்டும், பொய் சொல்லப்படாது" என்று பெருமையோடு சொன்னார். எட்டு மாதத்தில் அந்தக் கோடுகளை ஒருவரும் கண்டதில்லை.

தாய்மாமன் கந்தப்போடி பஞ்சாங்கத்தோடு வந்து தெய்வமணியின் முன்னால் நின்றார்.

"உசிர் போன நேரம் என்ன, பிள்ள?"

தெரியாது என்றாள்.

"நவமி ஒரு மணியோட முடியுது. மறுகா தசமி. எந்தத் திதியெண்டு தெரியாம வருசா வருசம் மனிசனுக்கு எப்பிடித் திவசம் குடுக்கிற?"

யாரோ பெட்டியை ஞாபகப்படுத்தினார்கள். கடைசி மணி அடித்த நேரம் அதில் இருக்குமே. எல்லாருடைய கண்ணும் சுவருக்குப் போனது. கரண்ட் இல்லாததால் அதன் முகம் இருண்டு கிடந்தது.

கிழவரைத் தனியே விட்டு, கடையில் கணவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அரை மணிக்குள் சைக்கிளில் திரும்பிவிடுவது அவள் வழக்கம். இன்று ஆமி வாகனத் தொடருக்காகப் பன்னிரண்டு மணிக்கே றோட்டை மூடிவிட்டார்கள். முக்கால் மணிநேரம் கழித்துத் திறந்தார்கள். உடனே புறப்பட்டிருந்தால் ஒரு மணிக்கு வீட்டில் நின்றிருப்பாள். ஆனால் பக்கத்துத் தையல் கடை ஜெமீலா பிளேன்ரீ ஊற்றிவிட்டாள். ஒரு மணப்பெண்ணின் சட்டையை அளவு பிழையாகத் தைத்துவிட்டு, அதைப் போட்டுக்கொள்ள அந்தப் பெண் பட்ட பாட்டை நடித்துக் காட்டினாள். தெய்வமணி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அருமைநாயகம் கடை வாசலில் நின்று பார்த்து, "கொஞ்சம் இருந்திட்டுப் போ. உன்ட சிரிப்பக் கேட்டு எவ்வளவு நாள்" என்றார். ஒன்று நாற்பதுக்குக் கரண்ட் போய் ஜெமீலாவின் காற்றாடி நின்றது. அதற்குப் பிறகுதான் அவள் எழும்பினாள். வீட்டுக்கு வரும்போது இரண்டு மணி.

ஒரு மணிக்கு முந்தி அடித்திருந்தால் அது விதி. பிந்தி அடித்திருந்தால் அது அவள் குடித்த பிளேன்ரீ.

அருமைநாயகம் பெட்டியைக் கழற்றினார். கடையில் பற்றரி இருக்கிறது, அதில் கொழுவிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் போனார். போனவர் ஐந்து மணிக்குத்தான் திரும்பினார். பெட்டியைப் பழையபடி சுவரில் மாட்டினார். சிறிது நேரத்தில் கரண்ட் வந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

நான்கு கோடுகள்.

"ரெண்டு இடத்தில எழுதும் எண்டீங்களே" என்றாள் தெய்வமணி.

"ரெண்டும் போச்சு, மணி. கரண்ட் விழுந்த நேரம்." அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கந்தப்போடி பஞ்சாங்கத்தை மூடினார். சந்தேகமென்றால் முந்தின திதியையே வைப்போம், நவமி என்று முடித்துவிட்டார். தெய்வமணிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கியதற்காக வெட்கமாகவும் இருந்தது. அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். பெண்கள் வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த நாள் காலையில், றோட்டு மூடுவதற்கு முன்னம், கிழவரைக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

எட்டாம் நாள் செலவுச் சடங்குக்கு முன் வீட்டுத் துணியெல்லாம் தோய்க்க வேண்டியிருந்தது. கிணற்றடியில் கணவனின் சட்டையைத் தண்ணீரில் போடப்போனவள், பையில் ஏதோ கனப்பதைக் கண்டு கையை விட்டாள். பெருவிரல் பருமனில் ஒரு கண்டென்சர். அதன் இரண்டு கால்களிலும் உருக்கி எடுத்த ஈயம் இன்னும் மினுங்கியது.

அவள் அதை உள்ளங்கையில் வைத்தபடி நின்றாள். இது பெட்டிக்குள் இருந்தவரை இரண்டு இடமும் கெட வழியில்லை. ஒரு மணிக்கு முந்தின நேரமாக இருந்திருந்தால் மனுசன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து சொல்லியிருப்பார். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்பா அடித்திருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டிருந்தபோது அடித்திருக்கிறார். கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தாள். கணவன் மேல் கோபம் வருமென்று பார்த்தாள். வரவில்லை. எட்டு மாதம் கரண்டோடு போராடிக் காப்பாற்றிய ஒன்றைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டு அந்த மனுசன் எப்படிச் சைக்கிள் மிதித்து வந்திருப்பார் என்றுதான் நினைத்தாள்.

சட்டை காய்ந்ததும் மடித்து, கண்டென்சரை அதே பையில் போட்டு வைத்தாள்.

அடுத்த வருடம் கந்தப்போடி குறித்த நவமியில் ஆட்டைத் திவசம் நடந்தது. ஐயர் வந்தார், சொந்தக்காரர் வந்தார்கள், சாப்பிட்டுப் போனார்கள். மறுநாள் விடியத் தெய்வமணி மறுபடியும் குளித்து அடுப்பு மூட்டினாள். சோறும் வாழைக்காய்க் கறியும் பருப்பும் ஆக்கி, தகப்பனின் படத்துக்கு முன்னால் ஓர் இலை விரித்துப் படைத்தாள்.

கடைக்குப் போக வெளிக்கிட்ட அருமைநாயகம் வாசலில் வைத்து அந்த இலையைக் கண்டார். படத்தைப் பார்த்தார். சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். தசமி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, இலைக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தார்.

அவள் அவருக்கும் ஓர் இலை போட்டாள்.