கேம்ப் வாசலில் ஊதியது

பனிச்சந்துறை ஊர்ச்சங்கத்தின் கனடாக் கிளை, ஊர்ப் பாண்ட் குழுவின் வரலாற்றைப் புத்தகமாக்கி மார்க்கம் நகரில் ஒரு மண்டபம் எடுத்து வெளியிட்டது. பிக்கரிங்கிலிருந்து மகளோடு வந்திருந்த பேர்ணடெற் முதலில் தேடியது தன் அண்ணன் மடுத்தீனின் பெயரை. முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டைவரை புரட்டினாள். இல்லை. குழுவின் படத்தில் முன்வரிசை ஓரத்தில் நின்ற அவனையும் வெட்டி எடுத்திருந்தார்கள். அவனுடைய ட்ரம்பெற்றின் வாய் மட்டும் தப்பியிருந்தது.

சங்கத் தலைவர் றெஜினோல்ட் போனமாதமே போனில் சொல்லித்தான் இருந்தார்.

"அக்கா, அவர் ஆமிக்கு ஊதினவர். பேரைப் போட்டால் சனம் என்னைக் கிழிச்சுப்போடும்."

"நீயும் அவனோடை நிண்டு மேளம் அடிச்சனி தானே?"

"நான் ஆமிக்கு அடிக்கேல்லை."

எப்படி அடிப்பார்? ஆமி ஊருக்கு வரும்போது அவர் இங்கே ஸ்காபரோவில் அல்லவா இருந்தார்.

கோயில் பெருநாளுக்கென்று தொடங்கிய குழு அது. பகலில் கடலுக்குப் போனவர்கள் பின்னேரம் மீன் நாற்றத்தோடு வந்து பழகினார்கள். ஒருவருக்கும் ஒரு சதம் கிடையாது. பிறகு இயக்கம் சீருடை கொடுத்து அதைத் தொண்டர் படையின் பாண்ட் ஆக்கியது. அதற்குப் பிறகு அவர்கள் நடந்ததெல்லாம் சண்டையில் செத்த பிள்ளைகளின் சவப்பெட்டிகளுக்கு முன்னால்தான். அதற்கென்று மடுத்தீன் ஒரு மெட்டுக் கட்டினான். அதைக் கேட்டால் ஊரே குலுங்கி அழும். சண்டை முடிந்ததும் ஆமி அவனை விசாரணைக்குக் கொண்டுபோய், முன்பல்லை உடைத்து அனுப்பியது. பல் இல்லாவிட்டால் உதடு பிடிக்காது, ஊதும்போது காற்று சீறிக்கொண்டு ஓடும். ட்ரம்பெற்றை உறையில் போட்டுக் கட்டிவிட்டான்.

ஊரில் ஆமி கேம்ப் திறந்த அன்று, விழாவில் ஊத அவனைத்தான் கூப்பிட்டார்கள். அவனுடைய மகன் அப்போது ஆமியின் தடுப்புக்காவலில் இருந்தான். மடுத்தீன் போய் ஊதினான். பல்லுப் போன பிறகு அவன் ஊதியது அந்த ஒரு தடவைதான். மகன் வீட்டுக்கு வந்தான், துரோகிப் பட்டமும் கூடவே வந்தது. ஹீற்றரைக் கூட்டிவிட்டு இங்கே இருந்தவர்களுக்குத்தான் கோபம் கூட. என்ன ஊதினாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வெட்கத்தில் பேர்ணடெற்றும் கேட்கவில்லை. போன மாசியில் அவன் செத்தபோது, ஊர்ச் சாவுக்கெல்லாம் ஊதியவனுக்கு ஊத ஆளில்லை.

மேடையில் றெஜினோல்ட் மைக்கைப் பிடித்தார்.

"எங்கடை பாண்டின்ரை சாவு மெட்டு யூடியூப்பிலை கிடைச்சிருக்கு. ஆர் போட்டதெண்டு தெரியேல்லை, படமும் இல்லை. இயக்க காலத்து ஒலிப்பதிவு. எல்லாரும் எழும்பி அகவணக்கம் செலுத்துவம்."

மண்டபம் எழுந்தது. பேர்ணடெற் எழும்பவில்லை. அண்ணனின் பெயரைத் தின்றுவிட்டு அவனுடைய மெட்டுக்கு எழும்பச் சொல்கிறார்களே.

மெட்டுத் தொடங்கியது. மேலே ஏறும் இடத்தில் ஒரு சீறல் கேட்டது. கிழிந்த ரியூப்பிலிருந்து காற்றுப் போவதுபோல. அடுத்த ஏற்றத்திலும் அதே சீறல்.

பேர்ணடெற் நிமிர்ந்தாள். இது பல்லில்லாத வாய். அப்படியென்றால் இது கேம்ப் திறப்பு விழா. ஆமிக்காரரை வரிசையில் நிற்க வைத்துவிட்டு, அவர்கள் சுட்ட பிள்ளைகளின் சாவு மெட்டை அவன் ஊதியிருக்கிறான். அவர்களுக்கு என்ன தெரியும், சல்யூட்டும் அடித்திருப்பார்கள்.

அவள் எழும்பினாள்.

"றெஜினோல்ட், உது இயக்க காலத்தது இல்லை. பல்லு உடைஞ்ச பிறகு மடுத்தீன் ஊதினது. கேம்ப் வாசலிலை ஊதினது."

அழுதுகொண்டு நின்றவர்கள் திரும்பினார்கள். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஆமிக்கு ஊதினதே?" என்றார்.

"ஆமிக்கு முன்னாலை ஊதினது. எங்கடை பிள்ளையளுக்கு ஊதினது. காது இல்லையே உங்களுக்கு?"

றெஜினோல்டுக்குக் காது இருந்தது. எத்தனையோ பெட்டிகளுக்கு முன்னால் அந்த மெட்டுக்கு மேளம் அடித்தவர். புத்தகக் கட்டுகளைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், பிறகு லாப்டொப்பில் விரலை வைத்து மெட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"அக்கா, உதைப் பிறகு கதைப்பம். எல்லாரும் இருங்கோ. சாப்பாடு ஆறப்போகுது."

கதிரைகள் இழுபட்டன. எல்லாரும் இருந்தார்கள். பேர்ணடெற் இருக்கவில்லை. மெட்டில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று அவளுக்குத் தெரியும். அது முடியும்வரை தனியே நின்றுவிட்டு, மகளிடம் காரை எடுக்கச் சொன்னாள்.