பலகையில் இல்லாத சொல்

எங்கள் மகளைச் சில்லறை என்று கூப்பிட ஆரம்பித்தது அவள் அப்பாதான். எட்டு வயதாகிறது, ஒரு வார்த்தை பேசியதில்லை, கையும் காலும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. ஆனால் சிரித்தால் தட்டில் காசு கொட்டியது போல இருக்கும். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளைத் தூக்கித் தோளில் சாய்த்து ஒரு சுற்றுச் சுற்றுவார். அப்போது வரும் சிரிப்பு தெருமுனை வரை கேட்கும். அதைக் கேட்கத்தான் மனுஷர் வீட்டுக்கே வருகிறார் என்று நான் கிண்டல் செய்வேன்.

அவள் இடுப்பு எலும்பு மூட்டிலிருந்து நழுவியிருக்கிறது என்று எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டரம்மா சொன்னார். பெரிய ஆபரேஷன், பிறகு வாரக்கணக்கில் மாவுக்கட்டு. வலி இருந்தால் செய்துதான் ஆக வேண்டும், இல்லையென்றால் பிள்ளையைப் போட்டுப் படுத்த வேண்டாம் என்றார். வலிக்கிறதா என்று என்னைத்தான் கேட்டார். எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். நாள் முழுக்கச் சிரிக்கிற பிள்ளைக்கு என்ன வலி என்று பட்டென்று சொல்லிவிட்டேன். படப் பலகையை வைத்து அவளிடமே கேட்டுவிடலாமே என்றார் டாக்டரம்மா. எனக்குச் சுருக்கென்றது. பெற்றவளுக்குத் தெரியாததா பலகைக்குத் தெரிந்துவிடும்?

அந்தப் பலகையைக் கொஞ்ச நாளாகவே பேச்சுப் பயிற்சி தரும் பெண் அவளுக்குப் பழக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக், நடுவில் ஜன்னல் போல ஓட்டை. சுற்றிலும் படங்கள்: அப்பா, அம்மா, வலி, போதும், மறுபடியும். சில்லறை எந்தப் படத்தைப் பார்க்கிறாள் என்று அந்தப் பெண் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓட்டை வழியே கவனிப்பாள். ஆமாம் என்றால் கண்ணை மேலே தூக்க வேண்டும். ஒரு மூலையில் கேள்விக்குறி. நான் சொல்ல வந்தது இந்தப் பலகையில் இல்லை என்று அதற்கு அர்த்தமாம். நம் வீட்டில் எனக்கும் அப்படி ஒன்று மாட்டி வையுங்கள் என்றார் என் வீட்டுக்காரர்.

வலியைப் பற்றிக் கேட்கும் நாளன்று டாக்டரம்மாவின் அறைக்கு என் வீட்டுக்காரரும் வந்திருந்தார். அந்தப் பெண் முதலில் என்னைத்தான் இடம் மாற்றினாள். "பின்னாடி உக்காருங்கக்கா. உங்க முகத்தைப் பார்த்துட்டு அவ பதில் சொல்லக் கூடாது." முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன். மகளின் பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது.

வலிக்கிறதா என்று கேட்டாள். பிறகு பேசாமல் இருந்தாள். மகளிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு அவ்வளவு நேரம் நான் காத்திருந்ததே இல்லை. அதற்குள் நானே பதிலும் சொல்லி முடித்திருப்பேன்.

வலி என்கிறாள் என்றாள் அந்தப் பெண். சும்மா எங்கேயோ பார்க்கிறாள் என்றார் என் வீட்டுக்காரர். அவள் வாக்குவாதம் செய்யவில்லை. படங்களை இடம் மாற்றி ஒட்டி மறுபடி கேட்டாள். மறுபடியும் வலிதான். எப்போது என்று கேட்கப் படங்களை மாற்றினாள்: படுக்கும்போது, உட்காரும்போது, குளிக்கும்போது, அப்பா தூக்கும்போது. இந்த முறை இரண்டு தடவை சரிபார்த்த பிறகும் சொல்லத் தயங்கினாள்.

"அப்பா தூக்கறப்போ."

"சிரிச்சாளே," என்றார் அவர். இப்படிப்பட்ட உடம்பில் சில சமயம் வலிகூடச் சிரிப்பாக வெளியே வரும் என்று டாக்டரம்மா மெதுவாக விளக்கினார். என் வீட்டுக்காரர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி இவளைத் தொடவே மாட்டேன் என்று எழுந்து கதவுப் பக்கம் போனார்.

சில்லறை தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள். சாப்பிட்டு முடிக்கும் முன் தட்டை எடுத்தால் வருகிற சத்தம் அது. அந்தப் பெண் பலகையைத் தூக்கிப் பிடித்தாள். பார்வை கேள்விக்குறியில் நின்றதாம். சொல்ல வந்தது அங்கே இல்லை. அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தேடினாள். அப்பாவைப் பற்றியா? கண் மேலே போயிற்றாம். அப்பா மேல் கோபமா? இல்லை. பயமா? இல்லை. பழைய படங்களை மறுபடி ஒட்டினாள். மகளின் கண் நின்ற படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தாள்.

"அப்பா. வலி." நீண்ட நேரம் கழித்து, "மறுபடியும்."

இடம் மாற்றிக் கேட்டாள். அதே மூன்று. "வலிச்சாலும் அப்பா தூக்கணுமா?" என்று கேட்கும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. பிறகு எங்களைப் பார்த்து, மேலே பார்க்கிறாள் என்று தலையாட்டினாள்.

ஒன்றும் தெரியாத பிள்ளை சிரிக்கிறது என்று நினைத்திருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதே இவளுக்குத் தெரிந்திருக்கிறது, இப்போது வலிக்கப் போகிறது என்று. தெரிந்தே அப்பா தூக்க வேண்டும் என்று இருந்திருக்கிறாள். இவ்வளவு பெரிய மனசுக்காகவா நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்? அந்தப் பின்னந்தலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

ஆபரேஷன் செய்வதென்று முடிவாயிற்று. அதுவரை இடுப்பு திரும்பாமல் எப்படித் தூக்குவது என்று டாக்டரம்மா காட்டிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் திரும்பி வந்து அவள் முன்னால் முட்டி போட்டார். டீ ஆறும்வரை பொறுக்க மாட்டாத மனுஷர், "தூக்கட்டுமாடா?" என்று கேட்டுவிட்டு அப்படியே காத்திருந்தார். நான் எழுந்து முன்பக்கம் வந்தேன். யாரும் தடுக்கவில்லை. அவள் கண் மேலே போவதை நானே பார்த்தேன்.

தொடைக்கடியில் கை கொடுத்துப் பூப்போலத் தூக்கினார். சிரிப்பு வரவில்லை. அவர் பதறிப்போய் என்னைப் பார்த்தார். அவள் முகம் எனக்குத்தான் தெரிந்தது. கண்ணை மூடி, வாய் லேசாகத் திறந்து, சத்தமே இல்லாமல் அவர் தோளில் கிடந்தாள். என் மகள் சந்தோஷமாக இருந்தால் அவள் முகம் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. எட்டு வருடத்தில் அன்றுதான் அதைப் பார்த்தேன்.