மூவாயிரத்து முன்னூறு கலோரி

மரக்காணம் உப்பளத்தில் ஹபீப் முஹம்மது நாற்பது வருடமாகப் பார்த்த மேற்பார்வை வேலை, குடைக்குக் கீழே நிற்பது. குடையை அவர் பிடித்ததில்லை. மோட்டார் ஷெட் கம்பத்தில் கட்டியிருப்பார்கள். இந்த உழைப்பில் தொண்ணூற்றெட்டுக் கிலோ சேர்ந்திருந்தது.

2005 மே மாதம் சிக்கல் வந்தது. வரும் ஜனவரியில் ஹஜ். முட்டியைப் பார்த்த புதுச்சேரி டாக்டர், "நவம்பருக்குள்ள தொண்ணூறுக்குக் கீழ வாங்க பாய். இல்லேன்னா மக்காவுல வீல் சேர்தான்" என்று சொல்லிவிட்டார். கஅபாவைச் சொந்தக் காலில் ஏழு சுற்று வரவேண்டும் என்பது பாயின் வாழ்நாள் ஆசை.

அங்கேயே இருந்த டயட்டீஷியன் ரேகா படிவத்தை எடுத்தாள். "என்ன தொழில் சார்?"

"உப்பளம்ங்க. நாப்பது வருஷமா." சட்டைப் பொத்தான் தெறிக்கும் அளவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

காரில் போகும்போது ரேகா உப்பளத்தைப் பார்த்திருக்கிறாள். அந்த வெயிலை நினைத்து, 'கடின உழைப்பு' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். உட்கார்ந்து வேலை பார்ப்பவர் உடம்பு ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து நானூறு கலோரி செலவழிக்கும்; கடின உழைப்பாளியின் உடம்பு மூவாயிரத்து எண்ணூறு. செலவைவிட ஐநூறு குறைவாகச் சாப்பிட்டால் எடை இறங்கும். ஆகவே பாய்க்கு மூவாயிரத்து முன்னூறு.

'கடின உழைப்பு' என்று அவள் எழுதிக் கொடுத்த சீட்டை பாய் லேமினேட் செய்து சாப்பாட்டு மேசைக்கு மேல் மாட்டினார்.

"இன்னும் முன்னூறு இருக்குது மைமூன். அந்தப் பரோட்டாவ வை" என்பார் மனைவியிடம்.

"வயிறு நிறைஞ்சிடுச்சுன்னீங்களே?"

"டயட்டுன்னா கஷ்டப்பட்டுத்தான் ஆவணும்."

ஒரு மாதம் கஷ்டப்பட்டார். எடை நூற்றொன்றரை. மெஷின் கோளாறு என்றார். மைமூன் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி மெஷினில் வைத்தாள். இருபத்தைந்து என்றே காட்டியது.

மறுநாள் காலை சீட்டோடு உப்பளத்துக்குப் போய், பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த சாமுண்டீஸ்வரியிடம் புலம்பினார்.

"கடின உழைப்புன்னா யாரு பாய்?" என்று அவள் கேட்டாள்.

"உப்பளத்துல வேலை செய்றவங்க."

அவள் உப்பு வாரும் பலகையை ஊன்றி நின்றாள். "அப்ப நான் வாருறேன், நீங்க சாப்புடுறீங்களா?"

மோட்டார் ஓட்டும் மாயவன் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

பாய்க்குச் சுருக்கென்றது. கைலியை மடித்துக் கட்டினார். "குடு அந்தப் பலகைய."

எட்டு நிமிடம் தாங்கினார். "பாய், தண்ணிய வாராதீங்க. உப்ப வாருங்க" என்றாள் சாமுண்டீஸ்வரி.

மறுநாள் விடியலில் அவர் மறுபடியும் வந்து நின்றதை யாரும் எதிர்பார்க்கவில்லை, அவர் முட்டி உட்பட. தினம் ஒரு மணி நேரம் வாரினார். வீட்டில், "ரெண்டாயிரத்து நானூறுல ஐநூறக் கழி மைமூன். ஆயிரத்துத் தொள்ளாயிரம்தான் எனக்கு" என்றார்.

"பரோட்டா?"

"மாயவனுக்குக் குடுத்தனுப்பு."

அக்டோபர் மழை இறங்கியதும் பாத்திகள் மூழ்கின. வரப்பில் நடந்தார்.

நவம்பரில் எண்பத்தொன்பதே கால். டாக்டர் வீல் சேர் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார். ரேகாவுக்குப் பூரிப்பு. "பாத்தீங்களா சார், நம்ம மூவாயிரத்து முன்னூறு எப்படி வேலை செஞ்சிருக்குது?"

"மேடம், அந்த டிக்க அழிச்சிட்டு லேசான வேலைன்னு போடுங்க."

"உப்பளம்தானே சார்?"

"நான் ஒரு மணி நேரம் வாரினேன். பொழுதுக்கும் வாருற அம்மா பேரு சாமுண்டீஸ்வரி. அந்த டிக்கு அவங்களோடது."

நாற்பது வருடத்தில் உப்பளத்தைப் பற்றி அவர் அடித்துக்கொண்ட பெருமைகளில் இது ஒன்றுதான் உண்மை.

திரும்பும்போது உப்பளத்தில் இறங்கினார். கீற்று மூடிய உப்புக் குவியல்கள் வரிசையாக நின்றன. ஒன்று மட்டும் கோணல். அது அவர் குவித்தது. சரிசெய்ய வந்தவர்களைச் சாமுண்டீஸ்வரி விடவில்லையாம்.

"இவ்ளோ கோணலாவா குவிச்சேன்?"

"கோணல்தான் பாய். ஆனா மூணு மழை பேஞ்சும் கரையல." டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "போய் நடந்துட்டு வாங்க."